கஹூட்டா, பிளிக்கர்ஸா?

வகுப்பில் வினாடி வினா நடத்த எந்தச் செயலி நல்லது? கணினி அறை ஒழுங்காக இயங்கும் கோபிசெட்டிபாளையம் பள்ளி என்றால் கஹூட் போதும். 2013-இல் நார்வேயிலிருந்து வந்த வினாடி வினாச் செயலி இது. கேள்வி பெரிய திரையில் தோன்றும். பிள்ளைகள் தங்கள் கருவியில் நிறத்தைத் தொட்டு விடை சொல்வார்கள். வேகத்துக்கும் புள்ளி உண்டு. வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும், நிதானமாக யோசிக்கும் பிள்ளை பின்தங்கிவிடும். எனக்கு அந்த வேகப் போட்டியில் உடன்பாடில்லை.

கடம்பூர் மலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏது கருவி? அங்கே பிளிக்கர்ஸ் என்ற செயலிதான். ஆசிரியரின் ஒரு கைப்பேசியும் அச்சிட்ட அட்டைகளும் போதும். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. "கால் குவிண்டால் மஞ்சள் எத்தனை கிலோ?" என்று கேட்டால், நினைத்த விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கேமராவை வகுப்பின் மீது ஓட்டினால் விடைகள் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையிலும் அச்சான கறுப்பு வடிவம் வேறு, எழுத்தோ பொடி. பக்கத்து அட்டையைப் பார்த்துப் பயனில்லை. தவறாகச் சொன்னவர் யார் என்பதும் வகுப்புக்குத் தெரியாது. பின்னம் நடத்தும்போது இது பெரிய உதவி.

ஒரே எச்சரிக்கை: பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவுக்குக் கண் கூசும். நான் நாற்பது அட்டைகளை அப்படி வீணாக்கினேன்.