இல்லாத கோட்டாவுக்குக் கட்டிய 650,000 ரூபா

இன்று காலை யாழ் நகரத்தில் உள்ள ஒரு குடிவரவு ஆலோசனை நிலையத்தில், மாடிப்படியிலேயே நிற்கவைத்து, “காசு திருப்பித் தாறதில்லை எண்டு றிசீற்றில போட்டிருக்குத்தானே தம்பி” என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். நான் இழந்தது 650,000 ரூபா. முறைப்பாடு கொடுக்கவிருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. கனடாவுக்குத் திறமைத் தொழிலாளராகப் போகக் காத்திருப்பவர்களுக்கான ஆலோசனைகளை முடிவில் சுருக்கமாகத் தருகிறேன்.

நான் நில அளவையாளன். 2025ஆம் ஆண்டுக்கு 500,000 என்றிருந்த நிரந்தர வதிவாளர் இலக்கை 395,000 ஆகக் குறைப்பதாக 2024 ஒக்டோபரில் கனடா அறிவித்தது. அடுத்த மாதமே நான் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் லமினேற் செய்த ஓர் அட்டவணையை என் பக்கம் திருப்பி வைத்தார். இடப்பக்கம் தொழில்கள், நடுவில் எல்லாவற்றுக்கும் 300, வலப்பக்கம் ‘மீதி’. அந்த மீதி மட்டும் மாக்கர் பேனையால் எழுதப்பட்டிருந்தது. என் தொழிலுக்கு நேரே இருந்த 43ஐ என் கண்முன்னே பெருவிரலால் அழித்து 41 என்று எழுதினார். “நீங்கள் யோசிச்சு முடிக்க கோட்டா முடிஞ்சிடும் தம்பி. காசைக் கட்டினா இடத்தைப் பிடிச்சு வைக்கலாம்.” அளந்ததை இரண்டாம் முறை அளந்து பார்க்காமல் கையெழுத்து வைக்காதவன் நான், அந்த 41ஐ மட்டும் சரிபார்க்கவில்லை.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. என் சித்தப்பா 2007இல் விண்ணப்பித்தவர். 2008 பெப்ரவரி 27க்கு முன் வந்து முடிவில்லாமல் கிடந்த திறமைத் தொழிலாளர் விண்ணப்பங்களை 2012இல் கனடா சட்டம் போட்டே இரத்துச் செய்தபோது, குடும்பத்தினரோடு சேர்த்து ஏறக்குறைய 280,000 பேர் வரிசையிலிருந்து தூக்கப்பட்டார்கள். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்கள் வீட்டில் ‘கோட்டா முடிகிறது’ என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து 400,000, என் சேமிப்பில் 250,000, ஆக 650,000 ரூபாவை ஒரே நாளில் கட்டினேன். (கனடா அரசாங்கமாவது சித்தப்பாவின் விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது.)

அந்த 300 முழுப் பொய்யல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். 2010இல் மொத்தம் 20,000, தொழிலுக்கு 1,000 என்றும், 2011இல் 10,000, தொழிலுக்கு 500 என்றும், 2013இல் 5,000, தொழிலுக்கு 300 என்றும் ஏற்கும் விண்ணப்பங்களுக்கு உச்சவரம்புகள் இருந்தன. முந்தியவர் உள்ளே, பிந்தியவரின் பைல் திரும்பி வரும். 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணையவழித் தெரிவு முறை வந்த பிறகு அந்த வரிசை இல்லை. புரொஃபைலைப் பதிவுசெய்யக் கட்டணமும் இல்லை. புள்ளிகளின் அடிப்படையில் தரப்படுத்தி, மேலே நிற்பவர்களுக்கே விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு அனுப்புகிறார்கள். ஆண்டு இலக்கு குறைந்தால் அழைப்புகள் குறையலாமே தவிர, காசு கட்டிப் பிடித்து வைக்க அங்கே இடம் எதுவும் இல்லை. பழைய அட்டவணையைத் தூசி தட்டி எனக்கு விற்றிருக்கிறார்கள்.

பணம் கட்டும்வரை பால்தேநீர் தந்து உபசரித்தவர்கள், கட்டிய பிறகு “சேர் கொழும்புக்குப் போட்டார்”, “கனடாவில இப்ப லீவு” என்று மாதக்கணக்கில் அலைக்கழித்தார்கள். புரொஃபைல் இலக்கம் கேட்டதற்கு, பெயர் இருந்த இடத்தை வெள்ளையால் மறைத்த ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கடந்த ஜூனில், வேலைக் கடிதம் ஒன்று எடுத்தால் 50 புள்ளி கூடும் என்று மேலும் 400,000 கேட்டபோதுதான் நானே தேடிப் பார்த்தேன். வேலை வாய்ப்புக்கான புள்ளிகளையே 2025 மார்ச் 25இல் கனடா நீக்கியிருந்தது. அதன் பிறகு என் பணத்தைக் கேட்டு ஒன்பது தடவை அந்தப் படி ஏறினேன்.

650,000 மட்டும் போகவில்லை. பணம் கட்டியபோது எனக்கு 29 வயது, இப்போது 31; தனியாளுக்கு வயதுக்குரிய புள்ளி 110இலிருந்து 99 ஆகிவிட்டது. இரண்டு வருடமே செல்லுபடியாகும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறும் அடுத்த மாதம் காலாவதியாகிறது. மீண்டும் எழுத மீண்டும் காசு வேண்டும்.

விரிவாக எழுதும் நிதானம் இப்போது இல்லை. இடம் பிடிக்கக் காசு கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிப்பவர் கனடாவில் உரிமம் பெற்ற சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும்; ஆலோசகர்களின் பெயர்ப் பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கக் கிடைக்கிறது, பணம் கட்ட முதல் பாருங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். றிசீற்றின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், இவ்வளவோடு நிறுத்துகிறேன்.