யாரை ஏன் பிடிக்குது? நாலு தியரி, என் ஓட்டு ஒண்ணுக்கு

பெங்களூர்ல வேலை பாக்குற நம்மாளுங்களுக்கு பெரும்பாலும் ரெண்டு வழிதான், வீட்ல போட்ட மேட்ரிமோனி ப்ரொஃபைல், இல்லேன்னா ஆபீஸ்ல பழகினவங்க. நான் ரெண்டாவது வழில கல்யாணம் பண்ணினவ, அதனால சைக்காலஜிகாரங்க சொல்றதுல எது பொருந்துதுன்னு தேடிப் படிச்சேன்.

பரிணாம தியரி தெரிஞ்சதுதான், ஆம்பளைங்க அழகு பாப்பாங்க, பொம்பளைங்க சம்பாத்தியம் பாப்பாங்க. டேவிட் பஸ் 1989ல 37 கலாச்சாரங்கள்ல கேட்டு எழுதினாரு. ஆனா அதுலயே ரெண்டு தரப்பும் நல்ல குணத்தையும் புத்தியையும்தான் மேல வச்சாங்க, அத யாரும் எடுத்துச் சொல்றதில்ல. டான் பர்ன் சொன்னது, கருத்து ஒத்துப்போனா பிடிக்கும். சரிதான், மறுக்க ஒண்ணுமில்ல.

எனக்கு நம்பிக்கை பழக்கத்து மேலதான். திரும்பத் திரும்ப பாத்தாலே பிடிக்க ஆரம்பிக்கும்னு ராபர்ட் ஸயான்ஸ் 1968ல சொன்னாரு. 1992ல மோர்லேண்ட், பீச்னு ரெண்டு பேர் ஒரு காலேஜ் கிளாசுக்கு பொண்ணுங்கள அனுப்பினாங்க, ஒருத்தி 5 தடவை, ஒருத்தி 10, ஒருத்தி 15, இன்னொருத்தி போகவே இல்ல, போனவங்களும் யார்கிட்டயும் பேசல, ஆனா கடைசில போட்டோ காட்டினப்போ அதிகமா வந்தவளத்தான் ஸ்டூடண்ட்சுக்கு அதிகம் பிடிச்சிருந்தது. சில்க் போர்டு டிராஃபிக்ல தினம் ஒரே கேப்ல உக்காந்து வந்தவளுக்கு இது நல்லாவே புரியும்.

எனக்கு முடிவ தந்தது இன்னொரு ஆய்வு. 2008ல ஈஸ்ட்விக், ஃபிங்கல் ரெண்டு பேரும் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்கன்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் ஸ்பீட் டேட்டிங்ல, அதாவது ஒவ்வொருத்தர்கிட்டயும் சில நிமிஷம் மட்டும் மாறி மாறி பேசுற சந்திப்புல, உக்கார வச்சாங்க. அழகு முக்கியம், சம்பாத்தியம் முக்கியம்னு எழுதிக் குடுத்ததுக்கும் நேர்ல யாரைப் பிடிச்சுதுங்கறதுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல. அப்படின்னா மேட்ரிமோனில நாம போடுற ஃபில்டர் என்ன வேலை செய்யுது? என் வீட்டுக்காரர் உயரம், சம்பளம், ஊர் மூணுலயும் எங்கப்பா போட்ட ஃபில்டர தாண்டியிருக்கவே மாட்டாரு.

பழக்கமும் எல்லாருக்கும் வேலை செய்யாது, முதல்லயே எரிச்சலான ஆளுன்னா பாக்கப் பாக்க எரிச்சல்தான் கூடும். அப்புறம் ஹஸான், ஷேவர் 1987ல சொன்ன பாசப்பிணைப்பு தியரி, குழந்தைல அம்மா அப்பாகிட்ட இருந்த ஒட்டுதல்தான் காதல்லயும் வரும்னு. அது சேந்து வாழறதுக்குத்தான் அதிகம் உதவும்னு தோணுது, எங்களுக்கு கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகல, அடிச்சு சொல்ல முடியல.

இப்போ தங்கச்சிக்கு வரன் பாக்குறாங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன், ஃபில்டர கொஞ்சம் தளர்த்துங்க, பொண்ணு பாத்த அன்னைக்கே பதில் கேக்காதீங்க, நாலஞ்சு தடவை வெளில பாத்து பேச விடுங்க.