வெர்ஜில் எக்ஸ்னரின் ஸ்டட்ஸ் பிளாக்ஹாக்: 1:43 மாதிரிக்கார் மதிப்புரை

1971ஆம் ஆண்டு ஸ்டட்ஸ் பிளாக்ஹாக் என்ற அமெரிக்க ஆடம்பரக் காரை 1:43 அளவில் (அசலில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு) ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்த இந்த மாதிரியை வாங்கலாமா என்று கேட்டால், வெளிவடிவத்துக்காகத் தாராளமாக வாங்கலாம், உள்ளலங்காரத்தை நம்பி வாங்க வேண்டாம் என்பதே என் பதில். விலை குறைவல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில் அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்து ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தில் லாஸ்பேட்டையில் ஒரு சிறு வீட்டுக்கு மாத வாடகை கொடுத்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மொத்தமே ஐந்நூறிலிருந்து அறுநூறு வரை மட்டும் செய்யப்பட்ட ஒரு காரைப் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேறு வழியும் இல்லை. குறைகளையும் எழுதப்போவதால், இதைத் தயாரித்தவரின் பெயரை விட்டுவிடுகிறேன்.

புகைப்படங்கள் இந்தக் காருக்குச் செய்யும் அநியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். நேர் முன்னாலிருந்து எடுத்த படங்களில் ஒடுங்கிய கிரில்லும் தனித்து நிற்கும் ஹெட்லைட்டுகளும் மட்டும் தெரிவதால், பகட்டுக்காகச் செய்த வண்டி என்றே தோன்றும். மாதிரியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து பின்புறம் நோக்கிப் பார்த்தால் கதை வேறு. பானெட் நீண்டுகொண்டே போகிறது. அதன் முடிவில் கூரை தாழ்வாக எழுகிறது. பின்மட்கார்டு ஒரு தசைபோலப் புடைத்துச் சட்டென்று இறங்குகிறது. இந்த விகிதத்தைச் செய்தவர் பகட்டு வியாபாரி அல்லர் என்பது அப்போது புரியும். அவர் அமெரிக்கக் கார் வடிவமைப்பாளர் வெர்ஜில் எக்ஸ்னர்.

1909இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் பிறந்த எக்ஸ்னர், படிப்பைத் தொடரப் பணமின்றி நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, விளம்பரப் படம் வரைபவராகத் தொழிலைத் தொடங்கியவர். ஜெனரல் மோட்டார்ஸில் பான்டியாக் வடிவமைப்புப் பிரிவின் தலைமையை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பிறகு புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியிடம் சேர்ந்து ஸ்டூடிபேக்கர் கார்களில் உழைத்தார். 1947 மாடல் ஸ்டூடிபேக்கரின் வடிவத்தில் பெரும்பங்கு அவருடையது. புகழ் லோவியின் பெயருக்குப் போனது. 1949இல் கிரைஸ்லருக்கு வந்த பிறகே அவர் பெயர் வெளியே தெரிந்தது. அதுவரை உயரமாகவும் சாதுவாகவும் இருந்த கிரைஸ்லர் கார்களை 1955இல் ‘ஃபார்வர்டு லுக்’ என்ற பெயரில் தாழ்த்தி, நீட்டி, 1957இல் அவற்றுக்கு ஓங்கிய வால்துடுப்புகளையும் பொருத்தினார். அந்தத் துடுப்புகள் அழகுக்கு மட்டுமல்ல, அதிவேகத்தில் காரை நிலைப்படுத்தவும் உதவும் என்று அவர் வாதிட்டார். கிரைஸ்லரின் 1957 மாடல் பிளிமத் கார்கள் சந்தைக்கு வரும் முன்பே அவற்றை வேலியோரமாகப் பார்த்துவிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர்கள், தங்கள் 1959 மாடல்களுக்கான திட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வரையத் தொடங்கினார்கள் என்பது கார் வரலாற்றில் நன்கு பதிவான செய்தி.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் சிறு பங்கு உண்டு. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஒருகாலத்தில் பூட்டித் தந்த டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகள் கிரைஸ்லர் குடும்பத்தவை. நம் தாத்தாக்கள் ‘பிளஷர் கார்’ என்று மரியாதையோடு சொன்ன வாகனங்களில் அவையும் அடக்கம்.

எக்ஸ்னரின் வீழ்ச்சியும் கிரைஸ்லரிலேயே நேர்ந்தது. அவசரமாகச் சந்தைக்கு வந்த 1957 கார்கள் துருவுக்கும் கட்டுமானக் குறைகளுக்கும் பெயர் வாங்கின. 1956இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. 1962 மாடல்களின் அளவைக் கடைசி நேரத்தில் சுருக்கும்படி மேலிடம் உத்தரவிட்டதில் அவருடைய வரைவுகள் குலைந்தன. துடுப்பு நீக்கப்பட்ட அந்தக் கார்களை இறகு பறித்த கோழிகள் என்று அவரே கசப்புடன் குறிப்பிட்டார். 1961இல் பதவி பறிபோயிற்று. பிறகு அவர் செய்ததுதான் இந்த மாதிரிக்காரின் உண்மையான தொடக்கம். அமெரிக்காவில் மறைந்துபோன பெருமைமிகு கார்ப் பெயர்கள் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் இன்று எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, ஸ்டட்ஸ், டூசன்பர்க், பக்கார்டு, மெர்சர் ஆகியவற்றுக்குப் புதிய வடிவங்களை வரைந்தார். அவை 1963 டிசம்பர் எஸ்குவயர் இதழில் வெளிவந்தன. 1966இல் ஒரே ஒரு டூசன்பர்க், கிரைஸ்லர் இம்பீரியல் காரின் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல், டூரின் நகரத்துக் கியா பட்டறையில் உருவானது. (நம் சாலைகளில் ஓடும் கொரிய நிறுவனத்துக்கும் இந்தக் கியாவுக்கும் உறவில்லை.) தொழில் தொடங்கவில்லை; பணம் போடுவோர் பின்வாங்கிவிட்டார்கள்.

1968இல் நியூயார்க் வங்கியாளர் ஜேம்ஸ் ஓடோனல் ஸ்டட்ஸ் பெயருக்கு மறுவாழ்வு கொடுக்க முன்வந்தார். ஹாரி ஸ்டட்ஸ் இண்டியானாபொலிஸில் 1911இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1930களின் நடுவிலேயே கார் உற்பத்தியை நிறுத்தியிருந்தது. ஆனாலும் அதன் பிளாக்ஹாக் கார் பிரான்சில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் 1928இல் பென்ட்லிக்கு அடுத்து இரண்டாவதாக வந்திருந்தது. ஓட்டியவர்கள் பிரிசோன், பிளோக் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். அந்தப் பெயரையே புதிய காருக்கும் சூட்டினார்கள். பான்டியாக் கிராண்ட் பிரீ காரின் சேசிஸும் 7.5 லிட்டர் வி8 எஞ்சினும் அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போய், அங்கே கையால் தட்டி உருவாக்கிய உடலைச் சுமந்துகொண்டு திரும்பின. 1971இல் விலை 22,500 டாலர். அன்றைய காடிலாக் ஒன்றுக்கு ஆகும் தொகையைப்போல் மூன்று மடங்கு. முதலில் வாங்கியவர்களில் எல்விஸ் பிரெஸ்லி ஒருவர். 1977 ஆகஸ்ட் 16 அன்று, இறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன் எடுத்த கடைசிப் படத்தில் அவர் ஓட்டி வருவதும் ஒரு பிளாக்ஹாக்தான். எக்ஸ்னர் 1973 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். கார் 1987 வரை உற்பத்தியில் இருந்தது.

இனி மாதிரி. பெட்டியைத் திறந்தவுடன் கவனிக்க வேண்டியது ஹெட்லைட்டுகள். மட்கார்டுக்குள் பதிக்கப்படாமல், சிறு கிண்ணங்களாகத் தனித்து நிற்கும் இந்த அமைப்பை எக்ஸ்னர் 1961 இம்பீரியலில் செய்து பார்த்திருந்தார். மாதிரி செய்தவர்கள் கிண்ணத்தையும் அதைத் தாங்கும் தண்டையும் தனித்தனித் துண்டுகளாக வார்த்து ஒட்டியிருக்கிறார்கள். கிண்ணத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம் ஊடுருவுகிறது. இந்த இடைவெளி அடைபட்டிருந்தால் முகமே மாறிப்போயிருக்கும். அடுத்தது டிக்கி. இம்பீரியலின் டிக்கி மூடியில் ஸ்டெப்னி உள்ளே இருப்பதுபோல வட்டமாக ஒரு புடைப்பை மட்டும் எக்ஸ்னர் வைத்தார். கழிப்பறை மூடி என்று அதைக் கேலி செய்தார்கள். பிளாக்ஹாக்கில் அந்தக் கேலிக்குப் பதில் சொல்வதுபோல உண்மையான டயரே மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. அதனால் சாமான் வைக்க இடம் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம். மாதிரியில் அந்த டயரின் பட்டைக் கோடுகள் சக்கரத்தின் கோடுகளோடு ஒத்துப்போகின்றன. பாதி மறைந்திருக்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கதவுக்குக் கீழே ஃபுட்போர்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீளவாக்கில் சைலன்சர் குழாய் ஓடுகிறது. பழைய கார்களின் ஃபுட்போர்டை அப்படியே செய்து ஒட்டாமல், அது விட்டுச்சென்ற கோட்டை மட்டும் இன்னொரு பாகத்தால் வரைந்து காட்டியிருப்பதில்தான் எக்ஸ்னரின் கைவரிசை இருக்கிறது. முதலியார்பேட்டை, வில்லியனூர்ப் பக்கங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வரும் ‘வின்டேஜ்’ வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். பழைய ஜீப் சேசிஸின்மேல் ஃபைபர் உடலை ஏற்றி, பெரிய விளக்குகளையும் வளைந்த மட்கார்டுகளையும் பொருத்தி, 1930களின் காரைப்போல வேடம் கட்டியிருப்பார்கள். அந்த வண்டிகள்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஊர்வலத்துக்கு அவை அழகுதான். புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1964இல் ஸ்டூடிபேக்கர் சேசிஸில் தொடங்கிய எக்ஸ்காலிபர் காரும் பழைய மெர்சிடிஸ் எஸ்எஸ்கேயை அடியொற்றிய அதே வழிதான். அதைத் திறமையாகவே செய்தார். எக்ஸ்னர் எந்தப் பழைய காரையும் பார்த்து எழுதவில்லை. ஸ்டட்ஸ் நிறுவனம் மூடப்படாமல் மேலும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தொடர்ந்து நடந்திருந்தால் இயல்பாக வந்து சேர்ந்திருக்கக்கூடிய ஒரு காரை வரைந்தார். பிளாக்ஹாக்கை எக்ஸ்காலிபரோடும் பின்னால் வந்த அதன் நகல்களோடும் ஒரே கூடையில் போடும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

வண்ணப்பூச்சைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவரிடம் கேட்டேன். முதலியார்பேட்டைப் பட்டறையொன்றில் வாழ்நாள் முழுதும் ஸ்பிரே பெயிண்ட் அடித்த ஒரு பெரியவர், மாதிரியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அசல் காருக்கு லாக்கர் என்னும் மினுக்குப் பூச்சைக் கையால் ஏறக்குறைய இருபது கோட்டு ஏற்றினார்கள், அதற்கே வாரக்கணக்கில் ஆனது என்று நான் சொன்னபோது அவர் வியக்கவில்லை. “பத்துக் கோட்டுக்கு மேல போனா அது பெயிண்ட் அடிக்கிற வேலை இல்ல தம்பி, தேய்க்கிற வேலை. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சிருப்பான்,” என்றார். பிறகு கதவின் விளிம்பில் நகத்தை வைத்து, “இதுல ஒரே கோட்ல கனமா ஊத்திட்டான், பாரு, கோடு அடைஞ்சிருக்கு,” என்று காட்டினார். அவர் சொன்னது சரி. கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள கோடு மேலே தெளிவாகத் தொடங்கிக் கீழே போகப்போகக் கறுப்பு மினுக்கத்தில் கரைந்துவிடுகிறது. அசலின் முழுப் பெருமையும் உடல் வேலையிலும் பூச்சிலும் இருக்கும்போது, மாதிரியில் அந்த இடத்திலேயே சறுக்கியிருப்பது வருத்தம் தருகிறது.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். அசலில் தங்க முலாம் பூசிய பாகங்கள், வால்நட் மரக்கட்டை பதித்த டேஷ்போர்டு, உயர்ந்த தோல் இருக்கைகள் என்று ஆடம்பரத்துக்குக் குறைவே கிடையாது. மாதிரியில் சிவப்பு இருக்கைகள் ஒப்பேறுகின்றன. மரம் என்று சொல்லப்படுவது ஒரே பழுப்பு நிறத் தீற்றல். ரேகை ஒன்றுகூட இல்லை. தங்கமோ பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதற்கு முந்தைய நிறத்தில் இருக்கிறது. ரெசின் மாதிரி என்பதால் கதவோ பானெட்டோ திறக்காது; ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கத்தான் முடியும் என்பதால் இந்தக் குறை ஓரளவு மறைகிறது. சக்கரங்கள் நான்கும் தரையைத் தொடுகின்றன. இந்த விலையில் வரும் மாதிரிகளில் அதுகூட எப்போதும் கிடைப்பதில்லை.

கூரியரில் வந்த பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே காரை அடித்தட்டோடு திருகால் பிணைத்திருந்ததால் சேதமில்லை. ஆகவே வாங்குபவர்கள் அந்தத் திருகைக் கழற்றாமல் வைத்திருப்பது நல்லது. நம் ஊர்க் கடற்காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். குரோம் போலத் தோன்றும் மெல்லிய படலம் திறந்த அலமாரியில் நாளடைவில் மங்கிப் புள்ளிவிடும் என்பதால், மூடிய அக்ரிலிக் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். துணியால் துடைப்பது கூடாது. ஹெட்லைட் தண்டு நூலில் சிக்கினால் முறிந்துவிடும். மென்மையான ஓவியத் தூரிகை போதும்.

இதற்கு மாற்று ஒன்றும் உண்டு. எஸ்குவயர் ஓவியங்களை ஒட்டி ரென்வால் என்ற அமெரிக்க நிறுவனம் 1960களின் நடுவில் 1:25 அளவில் பிளாஸ்டிக் கிட்டுகள் வெளியிட்டது. ஸ்டட்ஸ், பக்கார்டு, டூசன்பர்க், மெர்சர் எல்லாம் அதில் இருந்தன. நிஜமான புதிய ஸ்டட்ஸ் கார் ரோட்டுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எக்ஸ்னரின் ஸ்டட்ஸை அமெரிக்கப் பையன்கள் மேசைமேல் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்டட்ஸ் இந்தப் பிளாக்ஹாக்கிலிருந்து மாறுபட்ட திறந்த கார். முழுப் பெட்டியாக, பாகம் குறையாமல், கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தால் இந்த ரெசின் மாதிரிக்கு முன்பாக அதையே வாங்குங்கள். பூச்சு வேலை நம் கையில் இருக்கும்; வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, கதவுக் கோடு அடையாமலும் இருக்கும்.