இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ வார ஊசி: மூன்று ஆண்டு போட்டுக்கொண்டதில் தெரிந்தது

தையல் மெஷினில் நூல் கோக்க முடியாமல் வலது கண் மங்கியபோதுதான் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்) என்று தெரியவந்தது. அதிலிருந்து வாரம் ஒரு ஊசி, 30 மைக்ரோகிராம், தொடைத் தசையில். வெள்ளி இரவு போட்டுக்கொள்வேன். சனிக்கிழமை கடை திறப்பதில்லை.

முதல் மூன்று மாதம் கொடுமை. போட்ட நாலைந்து மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் பார்த்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: "ஃப்ளூ வந்தால் உடம்பு வலிக்கிறதேம்மா, அதை வைரஸ் மட்டும் செய்வதில்லை. வைரஸை எதிர்க்க உங்கள் உடம்பே சுரக்கிற இன்டர்ஃபெரானும் செய்கிறது. அதைத்தான் ஊசியில் தருகிறோம்." 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததே ஃப்ளூ வைரஸை வைத்து ஆராய்ந்தபோதுதானாம். அது தெரிந்தபின் காய்ச்சலைக் கண்டு பயம் போனது. டாக்டர் சொன்னபடி ஊசிக்கு முன்பே பாரசிட்டமால் போட்டுக்கொள்கிறேன். இப்போது லேசான அசதியோடு சரி.

இன்டர்ஃபெரான் குடும்பத்தில் எல்லா வகைக்கும் ஒரே குணம் இல்லை. காமா வகையை 1980களில் இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் கூடிவிட்டது. நான் போடும் பீட்டா வகை தணிக்கிறது. ஆனால் குணமாக்காது. தாக்குகள் (நோய் திடீரென்று கூடும் தடவைகள்) சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். எனக்கு ஊசிக்கு முன் ஓர் ஆண்டில் இரண்டு வந்தன, ஊசி தொடங்கிய பின் ஒன்றுதான். இதைவிட வலுவான மருந்துகள் இப்போது உண்டு. 1990களிலிருந்து புழக்கத்தில் இருப்பது என்பதால் நான் இதில் நிற்கிறேன்.

வைக்கும் இடம் முக்கியம். 2 முதல் 8 டிகிரி, உறையவே கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், உள்தட்டில் வையுங்கள். ஒரு மருந்துக்கடையில் ஐஸ் பேக் இல்லாமல் வெறும் கவரில் போட்டு நீட்டினார்கள். வாங்காமல் திரும்பி வந்தேன். இப்போது தெர்மாகோல் பெட்டியை நானே கொண்டுபோகிறேன். போடுவதற்கு அரைமணி முன் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறைவு.

கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், மனச்சோர்வும் வரலாம். இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்தது. வீட்டுக் கவலை என்று நினைத்து ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அந்த வாரமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.