பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி: களத்தில் அருமை, வகுப்பில் சுமார்

பனிச்சறுக்குத் தளத்தில் ரோந்து வேலை பார்ப்பதால் இந்தச் சான்றிதழ் எனக்குக் கட்டாயம். மிகவும் பிடித்தது, பனி அடுக்குகள் எவ்வளவு எளிதில் உடைந்து சரியும் என்று பனியில் குழி வெட்டிச் சோதித்த பகுதி. 30 செ.மீ. நீள அகலத்தில் ஒரு பனித்தூணைத் தனியாகப் பிரித்து, மேலே மண்வாரியை வைத்துத் தட்ட வேண்டும்: மணிக்கட்டை அசைத்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கு, எப்படி உடைந்தது என்று குறிக்க வேண்டும். என் தூண் முழங்கைத் தட்டிலேயே பலகை மாதிரி வழுக்கி வந்தது. அதைப் பார்த்தபின் 35 டிகிரிச் சரிவு எதுவும் சாதாரணமாகத் தெரியவில்லை.

தேடல் பயிற்சியும் நன்று. 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவரில் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடலில் அணியும் ரேடியோ கருவி) சிக்னல் பிடிப்பது சுலபம். தோண்டுவதுதான் முதுகை ஒடிக்கிறது. புதைந்தவரைத் தொட்டறியும் கோலைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கு, ஆள் மேல் பட்டதும் உருவாதே, கீழ்ப்பக்கமிருந்து தோண்டு என்று பயிற்றுநர் விரட்டிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் தாண்டினால் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும், விரட்டட்டும்.

வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரிய வைக்கும் வெடிமருந்து வகுப்புதான் ஏமாற்றம். வெறும் படங்காட்டல். வெடிக்காமல் கிடக்கும் குண்டை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "அடுத்த நிலையில் வரும்" என்றார்கள். சரி, அதற்குக் கட்டணம் தனியாம்!