டிரை சம்ப் காருக்கு எந்த ஹோஸ்: மூன்று வகைகளைப் போட்டு ஓட்டிய பின் எழுதும் மதிப்புரை

சுசுகி ஹயபூசா மோட்டார் சைக்கிளின் இன்ஜின் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து கட்டி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஓட்டி வருகிறோம். அந்தக் காரின் டிரை சம்ப் அமைப்பில் இரண்டு சீசன்களில் மூன்று வகை ஆயில் ஹோஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டோம். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புவதால் அதன் ஆயில், இன்ஜினின் அடித்தொட்டியான சம்பின் அடியிலேயே நிற்கும். அதே இன்ஜினைச் சாயாத காரில் வைத்தால், நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிட, பம்ப் காற்றை இழுத்து பேரிங்குகள் கருகிப் போகும். அதனால்தான் ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் டிரை சம்ப் தேவைப்பட்டது. எங்கள் பம்பில் மூன்று அடுக்குகள் உண்டு: இரண்டு அடுக்குகள் சம்பிலிருந்து ஆயிலையும் காற்றையும் சேர்த்து உறிஞ்சி டேங்குக்கு அனுப்புகின்றன, மூன்றாவது, டேங்கிலிருந்து எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கிறது.

ஹோஸ் கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை பார் அழுத்தம் தாங்க வேண்டும்?" என்பதுதான். டிரை சம்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பிரஷர் பக்கத்தில் எங்களுக்கு வருவது அதிகபட்சம் ஐந்தாறு பார் மட்டுமே. தரமான எந்த ஹோஸும் அதைப் போலப் பல மடங்கு தாங்கும். சிக்கல் முழுவதும் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஆயிலைத் தள்ளிவிட வளிமண்டல அழுத்தமான ஒரு பாரைத் தவிர வேறு துணை இல்லை. வழியில் ஒரு நெரிசல் ஏற்பட்டாலும் பம்பின் வாயில் வெற்றிடம் உண்டாகி, ஆயிலில் கலந்திருக்கும் காற்று குமிழ்களாக வெளிவந்து, பம்ப் ஆயிலுக்குப் பதிலாக நுரையை அனுப்பத் தொடங்கிவிடும்.

முதலில் போட்டது எஃகுப் பின்னல் மூடிய ரப்பர் ஹோஸ். பார்வைக்குப் பந்தயக் காருக்கு உரியதாகவே இருந்தது. விலையும் கட்டுக்குள் இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில், நேர்ப்பாதையின் முடிவில் ஆயில் பிரஷர் நான்கு பாரிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கியது. பிட்டுக்குள் வந்து ஐடிலில் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது. அழுத்தம் மிகாமல் காக்கும் ரிலீஃப் வால்வைக் கழற்றினோம், கேஜை மாற்றினோம், டேங்கின் அளவைச் சோதித்தோம். எதிலும் பழுது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் உருண்டையாகத்தான் இருந்தது. கடைசியில் டேங்குக்கும் பம்புக்கும் இடையிலான ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஃபிட்டிங்கின் நிப்பிளை, அதாவது ஹோஸுக்குள் நுழையும் குழாய்முனையை, உள்ளே தள்ளியபோது ரப்பரின் உட்தோல் சீவப்பட்டு, கட்டை விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு உட்சுவர் பின்னலை விட்டுப் பிரிந்து கொப்பளித்திருந்தது. ஆயில் சூடாகி பம்ப் வேகமாக இழுக்கும்போது அந்த நாக்கும் கொப்பளமும் சேர்ந்து வழியை மூடியிருக்கின்றன. வெளிப் பின்னல் வடிவம் குலையாமல் நின்று, உள்ளே நடந்ததை மறைத்துவிட்டது. தவறு ஹோஸினுடையது மட்டுமன்று. பொருத்திய எங்கள் கைகளினுடையதும்தான். இருந்தாலும், உறிஞ்சும் பக்கத்துக்கு உட்சுருள் தாங்கல் இல்லாத ரப்பர் ஹோஸை நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவதாக, மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடை ஒன்றில் எஸ்ஏஈ 100ஆர்4 வகை ஹோஸை வாங்கினோம். உறிஞ்சுவதற்கென்றே வகுக்கப்பட்ட தரம் இது; சுவருக்குள் சுருள் கம்பி ஓடுவதால் வெற்றிடத்தில் அமுங்காது. பிரஷர் குறைவது அன்றோடு நின்றது. குறைந்த செலவில் பிழையில்லாத வேலை என்று இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஓர் அங்குல அளவுக்கு வளைவின் ஆரம் சுமார் 150 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதால், குறுகிய இன்ஜின் அறையில் அதைத் திருப்பிக் கொண்டுவருவதே பெரும்பாடு. அதைவிட முக்கியமானது வெப்பம்: அந்தத் தரத்தின் மேல் எல்லை 100 டிகிரி செல்சியஸ், சென்னை வெயிலில் எங்கள் ஆயில் 115 டிகிரியைத் தொடுகிறது. சீசன் முடிவில் கையால் வளைத்துப் பார்த்தபோது முனையருகே மயிரிழை வெடிப்புகள் கண்ணில் பட்டன.

மூன்றாவது, இப்போது காரின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பது: எக்ஸ்ஆர்பி நிறுவனத்தின் புரோபிளஸ் ஹோஸ். டெஃப்ளான் குழாயின் உட்புறம் வழவழப்பாகவும் வெளிப்புறம் மடிப்பு மடிப்பாகவும் இருப்பதுதான் இதன் சிறப்பு. சாதாரண டெஃப்ளான் ஹோஸ் பெரிய அளவுகளில் விறைப்பானது. சற்றே கூடுதலாக வளைத்தால் மடங்கிவிடும், மடங்கிய இடம் பிறகு நிமிராது. உட்புறமும் மடிப்பாக உள்ள வகை நன்றாக வளையும், ஆனால் ஓட்டத்தைத் தடுப்பதோடு, இன்ஜின் ஒருமுறை உடைந்தால் உலோகத் துகள்களை மடிப்புகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஹோஸ் இரண்டின் நன்மையையும் தருகிறது; ரப்பரைக் கெடுக்கும் வெப்பம் டெஃப்ளானுக்கு ஒரு பொருட்டே அன்று. ஆர்4 ஹோஸைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இதன் எடைக் குறைவு உடனே தெரியும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோஸின் அளவைக் குறிக்கும் டேஷ் எண் ஓர் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் பெயரளவு மட்டுமே. ரப்பர் ஹோஸில் டேஷ் 12-இன் உள்விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர், டேஷ் 16-இனுடையது சுமார் 22. பரப்பில் இது ஒன்றரை மடங்குக்கும் மேல். டேங்கிலிருந்து பம்புக்கு டேஷ் 16, சம்பிலிருந்து பம்புக்கும் பம்பிலிருந்து டேங்குக்கும் டேஷ் 12, பிரஷர் பக்கத்துக்கு டேஷ் 10 என்று வைத்திருக்கிறோம். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸை எவ்வளவு நேராகவும் குட்டையாகவும் வைக்க முடியுமோ அப்படி வைப்பதற்காக டேங்கையே இடம் மாற்றினோம். 90 டிகிரி ஃபிட்டிங் தவிர்க்க முடியாத இடங்களில், உள்ளே கூர்மூலையாகத் துளையிட்ட வகையை விட்டு, குழாயை வளைத்துச் செய்த வகையையே வாங்க வேண்டும். அந்தச் சிறு விலை வித்தியாசத்தில் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புரோபிளஸ் ஹோஸின் குறை, அதன் முனைகள் கிரிம்ப் செய்யப்பட்டவை, அதாவது இயந்திரத்தால் நெரித்து இறுக்கப்பட்டவை என்பது. ஓடுதளத்தில் அறுத்து மறுபடி பொருத்த முடியாது. நீளமும் இரு முனைகளின் கோண வேறுபாடும் ஆர்டர் கொடுக்கும்போதே துல்லியமாக இருக்க வேண்டும். பழைய தோட்டக் குழாயைக் காரில் கட்டிப் பார்த்து, முனைகளில் கோடு போட்டு அளந்தோம். அப்படியும் ஒரு ஹோஸ் இரண்டு விரற்கடை குட்டையாக வந்தது. விலையோ, மற்ற இரண்டையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. விலை கைக்கு எட்டாதவர்கள் உறிஞ்சும் ஹோஸுக்கு மட்டும் இதை வாங்கிக்கொண்டு, பிரஷர் பக்கத்தில் ஹைட்ராலிக் கடையில் கிடைக்கும் 100ஆர்14 டெஃப்ளான் ஹோஸைப் போடலாம். எங்கள் காரில் பிரஷர் ஹோஸ் இன்றும் அதுதான்.

புதிய ஹோஸ் எதுவானாலும், பொருத்துவதற்கு முன் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய எஃகுக் குண்டு ஒன்றை உள்ளே விட்டு, மறுமுனையில் தங்குதடையின்றி வந்து விழுகிறதா என்று பார்க்கிறோம். உறிஞ்சும் ஹோஸில் ஓர் உபரியை, இரு முனைகளையும் மூடியால் அடைத்து, கருவிப் பெட்டியின் அடித்தட்டில் எப்போதும் வைத்திருக்கிறோம்.