இயர் மஃப்பும் என் சில்வண்டும்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் இயர் மஃப்பின் (சத்தம் குறைக்கக் காதை மூடி மாட்டும் சாமான்) மெத்தை வளையங்களை மாற்றினேன். வியர்வையில் ஊறி, காய்ந்து, அப்பளம் மாதிரி வெடித்துவிட்டன. வளையத்துக்கு மட்டும் முழுச் சாமானின் பாதி விலை! அந்த எரிச்சல் ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றான். சிங்காரி மேளத்தில் செண்டை அடிப்பவன். "அண்ணே, ராத்திரியானா செவிக்குள்ள ஒரே இரைச்சல். நீங்க மாட்டுத சாமானையே நானும் வாங்கட்டா?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் கோபம் குறைத்து இங்கே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எனக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. மழை விட்டதும் அடிக்காடு இடுப்புக்கு மேல் வந்துவிடும். வெட்ட ஆள் கிடைக்காமல் பிரஷ் கட்டர் என்ற புதர் வெட்டும் மெஷின் வாங்கி, ஐந்து வருடம் வெறும் காதோடு வெட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் மெஷினை நிறுத்தினேன். தோட்டத்துச் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. ராத்திரி கதவைச் சாத்திப் படுத்தால் கட்டிலுக்கும் கூடவே வந்திருந்தன.

முதலில் பார்த்த டாக்டர் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார். பர்ஸ்தான் மெலிந்தது. அடுத்தவர் ஆடியோகிராம் எடுத்தார், எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம். வலது காதுக் கோடு ஒழுங்காக வந்து 4000 ஹெர்ட்ஸ் என்ற கூரிய ஒலி வரும் இடத்தில் குழிக்குள் விழுந்தது. பெருஞ்சத்தம் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் முதலில் தின்னுமாம். உள்காதில் ஒலியை உணரும் மயிரணு செத்தால் மறுபடி முளைக்காது. வராமல் போன ஒலியைத் தேடி மூளை தன் வால்யூமைக் கூட்டிவைக்கிறது, அதுதான் இந்த இரைச்சல் என்று விளக்கினார். "இருக்கிறதையாவது காப்பாத்தும்" என்று அனுப்பிவைத்தார்.

அப்படி வாங்கியதுதான் இந்த மஃப். அட்டையில் 27 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகக் கணக்கு. அமெரிக்காவில் வேலையிடங்களுக்குச் சொல்லும் கணக்குப்படி 7ஐக் கழித்துப் பாதியாக்கினால் 10தான் தேறும். அந்தப் பத்தே பெரிய விஷயம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100க்குக் கால் மணி நேரம்தான். பத்தைக் குறைத்தால் அதுவே இரண்டரை மணி நேரம். மூன்று வருடம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் குழி ஆழமாகவில்லை. ஆக, சாமானில் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் சொல்கிறேன். மூக்குக் கண்ணாடியின் கால், மெத்தை வளையத்தைத் தூக்கிச் சத்தத்துக்கு வழி விடுகிறது. போகட்டும், மெல்லிய கால் உள்ள கண்ணாடி வாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. இதை மாட்டிய நொடியில் ஊர் அடங்கிவிடும், உள்ளே இருக்கும் சில்வண்டு எழுந்து உட்கார்ந்துவிடும். மெஷின் ஸ்டார்ட் ஆகும்வரை அந்த அரை நிமிடம் இருக்கிறதே! நன்றாக வேலை செய்வதுதான் இதன் குற்றம். எத்தனை தடவை கழற்றி எறிந்திருக்கிறேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

முதல் வருடம் பயத்தில் வீட்டுக்குள்ளும் மாட்டித் திரிந்தேன்: மிக்ஸிக்கு, டிவிக்கு, பேரப்பிள்ளை அழுகைக்கு. கொஞ்ச நாளில் தட்டு வைக்கும் சத்தமே ஊசி குத்துவது போல ஆகிவிட்டது. டாக்டர் திட்டினார். சும்மா மூடிவைத்தால் காது இன்னும் கூச்சப்படுமாம். இப்போது தோட்டத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல்தான் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் தெருமுனைக் கூம்பு ஸ்பீக்கருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

தூக்கத்துக்கு ஃபேன் சத்தம்தான். ஆனியிலும் ஐப்பசியிலும் அதுவும் வேண்டாம், ஓட்டு மேல் மழை விழுந்தால் சில்வண்டு காணாமல் போய்விடும். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டத்தில் பிறந்ததற்கு இந்த ஒரு லாபம்.

சரி, தம்பிக்கு. மேளக்காரனுக்கு மஃப் வேண்டாம். கனமான ஒலியை விடக் கூரிய ஒலியைத்தான் இது அதிகம் வெட்டும். இலத்தாளம் என்ற கைத்தாளச் சத்தம் போய், செண்டை பக்கத்து ஊரில் அடிப்பது போலக் கேட்கும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்த இயர் பிளக் உண்டு, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அது வரும்வரை நுரைப்பஞ்சு (ஃபோம்) பிளக் போதும். நன்றாக உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலே பின்னோக்கி இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்திரு. முதலில் ஆடியோகிராம் எடு.

"அண்ணே, உங்க சாமானுக்கு எத்தனை மார்க்?" என்றான். ஐந்துக்கு இரண்டு என்றேன். இவ்வளவு சொல்லிவிட்டு ரெண்டுதானா என்று முழித்தான். மழை பெய்யும்போது கேட்டிருந்தால் நாலு சொல்லியிருப்பேன்.